பச்சை பூசிய வீடு

ஒரு தாய்வீட்டு முற்றத்து வெயிலுக்கு சஜீவன் போட்டிருந்த விலை எண்பத்தையாயிரம் ரூபாய். மரநிழல் இலவசம். போரில் அழிந்த வீடுகளைப் பழைய படங்களிலிருந்து அளவெடுத்து, கணினி விளையாட்டு செய்யும் கேம் எஞ்சினில் மறுபடி எழுப்பி, வெளிநாட்டிலிருப்பவர்கள் திரையில் நடந்து பார்க்கக் கொடுப்பது அவன் தொழில். தர்மபுரத்தில் இந்த வியாபாரத்துக்கு வேறு கடை கிடையாது.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கனடாவில் இருக்கும் தாட்சாயினிக்கு அவருடைய பூநகரி வீட்டைக் காட்டவேண்டும். வெளிச்சமும் நிழலும் கணிக்கப்பட்டுச் சுவர்களில் பதிந்து முடிந்தபோது மணி மூன்று. உள்ளறைச் சுவரில் ஒரு கறை இருந்தது. இடுப்பு உயரத்தில், சாம்பல் நிறத்தில். கணிப்பின் தரம் குறைந்தால் இப்படி அழுக்குப் பிடிப்பது வழக்கம்தான். தரத்தைக் கூட்டி மறுபடி பதியவிட்டான். கறை போகவில்லை, கூர்மையானது. இப்போது அதற்கு ஒரு தோள் இருந்தது.

அந்த அறையில் நிழல் விழுத்த ஒரு பொருளும் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. திரையை அணைத்தான்.

"தம்பி, என்ர வீடு என்ன மாதிரி?" நான்கு வீடு தள்ளியிருக்கும் விமலேஸ்வரி.

"முடியுது அக்கா. வெளிச்சம்தான் சரிவரேல்லை."

"ரெண்டு வருசமா உன்ர சூரியன் எழும்பேல்லையோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "இருட்டெண்டாலும் காட்டடா. கதவடியில ஒருக்கா நிண்டிட்டுப் போறன்."

"அடுத்த கிழமை வாங்கோ அக்கா."

செருப்புச் சத்தம் மெதுவாகத் தேய்ந்தது. அது ஒழுங்கை திரும்பும்வரை சஜீவன் நிமிரவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் பதினொரு நாள் பக்கத்துக் கதிரையில் இருந்து, முல்லைத்தீவுப் பக்கம் இருந்த தன் வீட்டைச் சாண் சாணாகச் சொன்னவர் அவர். கணவரும் மூன்று பிள்ளைகளும் உள்ளறையில் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தபோது ஷெல் விழுந்தது. அவர் கிணற்றடியில் நின்றார். காசில்லாத வாடிக்கை. வேலை பின்னுக்குப் போய்க்கொண்டேயிருந்தது. தாட்சாயினி அனுப்பியதோ மங்கிய இரண்டு படங்கள். இங்கே விமலேஸ்வரி சொன்ன முழு வீடு சும்மா கிடந்தது. சுவருக்குப் பச்சை பூசி, பலாவைப் பிடுங்கி மாமரம் நட்டு, பூநகரி என்று பெயர் வைத்தான். பதினாறு வருடம் காணாத வீட்டில் எந்தச் சுவர் எங்கே இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கப் போகிறது?

விமலேஸ்வரிக்கு இருந்தது. அந்த நினைவைத்தான் அவன் விற்றுக்கொண்டிருந்தான்.

திரையின் நிறம் சரியாகத் தெரியவேண்டுமென்று யன்னலுக்குத் தறப்பாள் அடித்திருந்த அறையில், தகரக்கூரை வெயிலுக்கு டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருக்க, கணினி விசிறியின் இரைச்சலுக்கு அடியில், சூடேறிய பிளாஸ்டிக் மணத்தை மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டு இன்னொரு மணம் வந்தது: வடித்து இறக்கிய குத்தரிசிச் சோறு. அவன் குசினியில் அன்று அடுப்பு மூட்டவில்லை. மதியம் தின்றது கடைப் பாண்.

திரையைப் போட்டு, அந்த வீட்டின் உள்ளறை விளக்கை எடுத்தான். யன்னலை அடைத்தான். சுவர் கறுத்தது, தோளும் மறைந்தது. மிஞ்சியது, படத்துக்குக் கடைசி மெருகேற்றும் போஸ்ட் புரொசெசிங்கில் அவனே பெருமையாக வைத்திருந்த ஒரு வித்தை: வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைந்தால், மனிதக் கண்ணைப் போலப் படமும் சில நொடியில் பழகித் தெளியும். அதையும் நிறுத்தினான். நிறுத்தியதாகத்தான் ஞாபகம்.

ஐந்து மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. தாட்சாயினியின் குரலில் காலை அவசரம்.

"கெதியாக் காட்டுங்கோ தம்பி, வேலைக்குப் போகோணும். பிழையெண்டால் பத்தாயிரம் குறைப்பன்."

தன் திரையை அவருக்குப் பகிர்ந்து, முற்றத்தில் நடந்து காட்டினான்.

"ஐயோ, எங்கட மாமரம்!" அவர் விம்மி அழுதார். "உள்ளுக்குப் போங்கோ."

"உள்ளறையில கொஞ்சம் வேலை கிடக்கு அக்கா."

"அம்மா படுத்த அறை தம்பி. போங்கோ."

நுழைந்தான். இருட்டு. ஒரு நொடி. இரண்டு. மூன்று.

படம் பழகத் தொடங்கியது.

"ஆக்களையும் போட்டிருக்கிறீங்களே! ஆர் இவை? எங்கட ஆக்கள் இல்லையே."

வீட்டிலுள்ள எல்லாவற்றையும் எஞ்சின் காட்டும் பட்டியலைத் திறந்தான். சுவர் பதினான்கு. கதவு மூன்று. யன்னல் ஐந்து. மரம் ஒன்று. ஆள் இல்லை.

"தம்பி." அவருடைய குரல் இறங்கியிருந்தது. "இவை என்னைப் பாக்கேல்லை. திரை மூலையில உங்கட முகம் தெரியிற பெட்டியைப் பாக்கினம்."

மௌசிலிருந்து கையை எடுத்தான்.

படம் நிற்கவில்லை. முன்னே போனது. மெதுவாக. பிறகு கீழே. நின்ற ஆளின் உயரத்திலிருந்து, தரையில் சம்மணமிட்டு இருந்த ஆளின் உயரத்துக்கு.

சுவரில் பச்சை இல்லை. வெறும் சுண்ணாம்பு. தரையில் வட்டமாகச் சோற்றுக் கோப்பைகள். ஆவி பறந்தது. யாரும் தொடவில்லை. ஆகச் சிறிய பிள்ளை, அவனைப் பார்த்தபடியே, சற்று நகர்ந்து இடம் விட்டது.

ஆள் நான்கு. கோப்பை ஐந்து.