படிக்கட்டு வக்கீல்

“ஒருத்தி அழறத இப்படியா உத்துப் பாப்பீங்க?”

ஆஸ்பத்திரி வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சத்தமாகவா கேட்டோம்...

“அழறீங்கன்னு தெரியாதுங்க... மழைத்தண்ணின்னு நினைச்சேன்” என்றான் அவன்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் பார்ப்பவள். சோர்ந்த கண், பயந்த கண், எழுத்தே தெரியாமல் ‘நல்லாத் தெரியுது’ என்று சாதிக்கும் கண்... எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இவன் கண்கள் எந்த ரகத்திலும் சேரவில்லை. தூக்கமில்லாமல் சிவந்து, ஓரத்தில் மட்டும் ஈரம் கட்டி... மழை அங்கே மட்டும் எப்படிப் பெய்யும்?

“கவுன்ட்டர்ல அம்மாவ சேர்க்க மாட்டேன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. நான் வக்கீல். காசெல்லாம் வேணாம். உள்ள வந்தீங்கன்னா பேசலாம்.”

அவ்வளவுதான், அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆள் பிடிக்கிற கூட்டத்தைப் பற்றி அவள் கேள்விப்படாததா?

“முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வேற ஆளப் பாருங்க சார்!”

பக்கத்தில் நின்ற அம்மா, கழுத்தில் சுற்றியிருந்த துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

“பாப்பா... ஆளு நல்லாத்தான் இருக்கான். கேஸையாவது குடுத்துப் பாப்போம்” என்று மகள் காதில் கரகரத்தாள்.

அந்தத் தொண்டையிலிருந்து ஒரு காலத்தில் வெளிவந்த குரல் ஊருக்கே தெரியும். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது புறப்படுகிறது என்று சொன்னது அம்மாதான். இப்போது அதே தொண்டைக்குள் புற்று. உடனே கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும். வாடகைக்கு வரி கட்ட வேண்டிவரும் என்று பயந்த வீட்டுச் சொந்தக்காரர், இவர்கள் குடியிருப்பதாக எழுதித்தர மாட்டேன் என்கிறார். பேருந்து நிலையத்து ஒப்பந்தக்காரரோ அப்படி ஓர் ஆளே வேலை பார்க்கவில்லை என்று சாதிக்கிறார்.

வேறு வழியில்லாமல்தான் அவள் உள்ளே போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு நீள பெஞ்சு. கோர்ட் நேரம் போக மிச்ச நேரத்தில் நாலைந்து வக்கீல்கள் முறை வைத்துக்கொண்டு அங்கே உட்காருவார்கள். அதிலும் அதிகம் உட்காருகிறவன் என்பதால், நோயாளிகள் இவனுக்குப் படிக்கட்டு வக்கீல் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

“இங்க உக்காந்து எத்தனை பேர ஜெயிக்க வெச்சிருக்கீங்க?” அவள் குரலில் இன்னும் காரம் குறையவில்லை.

“ஜெயிச்சவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. தோத்தவங்கதான் மனசுல நிக்கறாங்க. இன்னிக்குக் காலையில ஒருத்தருக்கு உத்தரவு வாங்கிட்டு ஓடி வந்தேன்... கட்டில் காலியா இருந்துச்சு.”

அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவன் போட்ட மனுவை ஆஸ்பத்திரியின் மேல்முறையீட்டுக் குழு இன்று, நாளை என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட்டது. அம்மாவின் குரலோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. ஒருவழியாக விசாரணை நடந்த அன்று, அவன் சீருடை போட்ட பஸ் டிரைவர் கூட்டத்தையே அழைத்து வந்தான்.

“இவங்க எந்த ஊருன்னு எங்களயா கேக்கறீங்க?” என்றார் மூத்த டிரைவர். “இந்தம்மா கூப்பிட்டாத்தான் எங்க வண்டியே கிளம்பும்!”

குழுவின் தலைவி நம்பியும் நம்பாமலும் அம்மாவைப் பார்த்தார். “நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?”

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

“பயணிகளின்... கனிவான... கவனத்திற்கு...”

அதற்கு மேல் வரவில்லை. தலைவி பேனாவை எடுத்தார். “காலேஜுக்குப் போறப்ப இந்தக் குரலக் கேட்டுத்தாம்மா நான் ஓடி வந்து பஸ் ஏறுவேன்” என்றபடி கையெழுத்துப் போட்டார்.

வைத்தியம் தொடங்கியது. ஆனால் வாசலில் நின்று கழிந்த வாரங்களை யார் திருப்பித் தருவது? “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்” என்றார் டாக்டர். முன்னாடியே வந்தோமே... உங்கள் ஆள்தானே வெளியே நிற்க வைத்தான்... என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

தினமும் சாயங்காலம் அவன் வந்தான். கோர்ட்டில் நடந்த கூத்தையெல்லாம் நடித்துக் காட்டுவான். அம்மா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். நாலு மணியானால் மகளின் பார்வை தானாகக் கதவுக்குப் போக ஆரம்பித்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது. சாகக் கிடக்கிற அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதென்ன மனசு...

ஒருநாள் வராந்தாவில் வழிமறித்தாள். “கேஸ்தான் முடிஞ்சுதே. இன்னும் எதுக்கு வர்றீங்க?”

“அம்மாவப் பாக்க.”

“அம்மாவ மட்டுமா?”

அவன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தான்.

“பாவம்னு வர்றீங்கன்னா தயவுசெஞ்சு வராதீங்க. எங்களுக்கு யார் இரக்கமும் வேணாம்.”

இல்லை, இரக்கமில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று உள்ளுக்குள் துடித்தாள். அவனோ, “சரிங்க” என்று தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து வரவேயில்லை. விஷயம் தெரிந்ததும் அம்மா பேச முடியாமல் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். டிரைவர்கள் எல்லாரும் வந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால், கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்தபடி அவனும் நின்றான். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் காணாமல் போனான். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

வீடு அவளைத் தின்றது. கடையில் எல்லாக் கண்களும் ஒன்றுபோலவே இருந்தன. கடைசியில் ஒரு மத்தியானம், எங்கே போகிறோம் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளாமல் போய், படிக்கட்டுக்குக் கீழே பெஞ்சில் வரிசையோடு வரிசையாக உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க... என்ன பிரச்சினை?” எழுதிக்கொண்டே கேட்டவன் நிமிர்ந்தான். பேனா நின்றுவிட்டது.

“ஒருத்தர் மேல புகார் குடுக்கணும்.”

“என்ன... என்ன பண்ணார்?”

“வராதீங்கன்னு சொன்னேன். நிஜமாவே வராம இருந்துட்டார்.”

“அவர்... சொன்ன பேச்சு கேக்கற ஆளுங்க.”

“எல்லாப் பேச்சையுமா கேட்டுத் தொலைப்பாங்க?” சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

அவன் குரலைத் தாழ்த்தினான். “அன்னிக்கே சொல்லியிருப்பேங்க. ஆஸ்பத்திரில வைத்தியத்த நடுவுல நிறுத்தினா உங்களுக்காக மறுபடி நான்தான் போய் நிக்கணும். அப்ப போய் நான் மனசத் திறந்தா, நீங்க எப்படி வேணாம்னு சொல்வீங்க? உங்களால வேணாம்னு சொல்ல முடியாத நேரத்துல நான் கேக்கக் கூடாதில்ல...”

இதைப் போய் இரக்கம் என்று நினைத்தோமே...

“சரி, அம்மா போனதுக்கப்புறம்?”

“அழுதுட்டு இருக்கறவங்ககிட்ட வந்து என்னத்தங்க கேக்கறது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்பவும் அழுதுட்டுதான் இருக்கேன். இன்னும் ரொம்ப நாளைக்கு அழுவேன். ஆனா என் கேஸ் எதுவும் இப்ப உங்க கையில இல்ல. பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன்... கேளுங்க.”

கோர்ட்டில் கிழிக்கிற வக்கீல் மேசைக் காகிதங்களை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான்.

“சட்டுனு கேளுங்க தம்பி, எங்களுக்கும் கேஸ் இருக்கில்ல!” பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் குரல் கொடுத்தார்.

அவன் கேட்டான். பெஞ்சில் இருந்த யாருக்கும் கேட்காத அளவு மெதுவாக.

அவள் எழுந்து போகவில்லை.