கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மழை விட்ட சாயங்காலம் அவர்கள் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். மனைவியின் கையில் துணிப்பெட்டி. அவன் கையில் கண்ணாடி பேனல்கள் அடங்கிய அட்டைப்பெட்டி. பெரிய கட்டடங்களுக்கு ஸ்விட்சும் பேனலும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவன் தொழில். மாமனார் வீட்டில் அவனுக்குப் 'பேனல் மாப்பிள்ளை' என்று பெயர்.

போன வருஷம் இறந்த அவளுடைய அத்தை விட்டுப்போன வீடு. ஈரச் சுவர், பூட்டிக் கிடந்த அறைகளின் புழுக்க வாடை. மாடிப்படியின் அடியில், தவளைக் கண்போல் துருத்திக்கொண்டு ஒரு கறுப்பு ஸ்விட்ச்.

"இதை மனுஷன் தொடுவானா?"

"அத்தை தொட்டாங்க. நீங்க பாதிப் படி ஏறினதும் மேலேருந்து அணைப்பாங்களே, மறந்துடுச்சா?"

மறக்கவில்லை. படி விளக்குக்கு இரண்டு ஸ்விட்ச். படியின் அடியில் ஒன்று, மேலே அத்தையின் அறைக்குள் ஒன்று. எதைத் தட்டினாலும் விளக்கு மாறும். கிழவி அணைத்துவிட்டு, அவன் இருட்டில் தடுமாறுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"போன வாரம் நாம வந்தப்பவும் அணைஞ்சுது," என்றாள் மெதுவாக. "இன்னிக்கும் அணைஞ்சா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களே இருந்துக்கோங்க."

"லூஸ் கனெக்‌ஷன். பேய்க்கு வேற பொழப்பு இல்லையா?"

ஸ்விட்சின் மூக்கைக் கீழே தள்ளினான், விளக்கு எரிந்தது. வெளியே போய்க் கருவிப் பையை எடுத்து வந்தான்.

அணைந்திருந்தது.

மூக்கு கீழேயேதான் இருந்தது. மேலே தள்ளினான். எரிந்தது.

லூஸ் கனெக்‌ஷன் இப்படிச் செய்யாது. மேல் ஸ்விட்சை யாராவது தட்டினால்தான் கீழ் ஸ்விட்ச் தலைகீழாகும். இது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

அத்தையின் அறைச் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. மெயினை அணைத்துவிட்டு, டார்ச்சோடு மேலே போய் அறையைத் திறந்தான். யாருமில்லை. அத்தை தடவும் தைலத்தின் வாசனை மட்டும். ஸ்விட்சைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்து, வயர் முனைகளை நேராக இணைத்து டேப் சுற்றினான். கீழே, கறுப்புத் தவளை இருந்த இடத்தில் தொட்டாலே விளக்கெரியும் புத்தம்புதுக் கண்ணாடி பேனலை மாட்டினான். இனி மேலேயிருந்து அணைக்க வழியே இல்லை.

மெயினைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பளபளவெனத் துடைத்தான். எவ்வளவு நல்ல பொருளைக் கொடுத்தாலும் ஜனங்கள் பிசுக்குக் கையாலேயே தொடுவார்கள் என்பது அவன் தீராத ஏளனம். தான் மட்டும் விரல் முட்டியால்தான் தட்டுவான்.

தட்டினான். படி முழுக்க வெளிச்சம்.

"வா. உன் அத்தை ரிட்டயர் ஆயிட்டாங்க."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறினாள். ஒரு படி. இன்னொரு படி. பாதி தூரம்.

விளக்கு அணைந்தது.

மேலே, இருட்டில், மூக்கால் விட்ட ஒரு சிரிப்பு.

"உங்களை அவங்களுக்குப் பிடிக்காதுன்னு அப்பவே சொன்னேன்," என்று கிசுகிசுத்தாள் மனைவி. தோளிலிருந்து கை விலகியது. இறங்கும் காலடி. தரையில் பெட்டி உரசும் சத்தம். வாசல் கதவு.

அவன் சுவரைத் தடவித் தடவி இறங்கி, பேனலைத் தட்டினான். எரிந்தது.

கண்ணாடியின் நடுவில் ஒரு விரல் ரேகை. தைலப் பிசுக்கோடு.

ஓடிப்போய் அவளை நிறுத்தியிருக்கலாம். ஆனால் துடைக்காமல் அவனால் நகர முடியவில்லை. சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை. ஊதி, அழுத்தித் துடைத்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான்.

நகம் வழுக்கியது. இந்தப் பக்கம் கண்ணாடி சுத்தமாக இருந்தது.

ரேகை சுவரின் பக்கம் இருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் அருகில், இரண்டாவது விரல் மெதுவாகப் படிந்தது.