இரண்டு முறை அடித்தால் தண்ணீர்

மணி இரண்டு முறை அடித்தது. "இதோ வரேங்க" என்று குரல் கொடுத்தபடியே அவள் கண்ணாடி டம்ளரை எடுத்துக் குழாயில் நிரப்பி, அடுக்களைக் கதவைத் தாண்டி, நீண்ட நடையில் நான்கு எட்டு வைத்த பிறகுதான் பின்னறையில் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் போய் எட்டு மாதம் ஆகிறது. அவருடைய கட்டிலைக்கூடப் போன வாரம் விற்றாகிவிட்டது.

பழக்க தோஷம் என்று தலையில் தட்டிக்கொண்டு திரும்பினாள். எட்டு மாதமாக இப்படித்தான். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் எழுந்துவிடுகிறாள். ஆனால் அடுக்களைக்குள் நுழைந்ததும் பார்வை தானாகச் சுவருக்குப் போனது. மணி இருந்த இடத்தில் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூச்சு மட்டும்தான் இருந்தது. முந்தின நாள்தான் மேஸ்திரி மணியைக் கழற்றிச் சுவரைப் பூசியிருந்தார். கிட்டப் போய்க் காதை வைத்துப் பார்த்தாள். சுவருக்குள் எதுவோ அடித்து ஓய்ந்த பிறகு மிச்சமிருக்கும் அதிர்வு, சன்னமாக, பல்லில் கூசுவது போல் கேட்டது.

டம்ளரில் இருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். குடிக்க மனம் வரவில்லை.

வீட்டை விற்க வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் நினைக்கக் கூடாது என்று அவள் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். அவருக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்ததில் கடை போனது, நகை போனது, கடைசியில் வீட்டுப் பத்திரமும் வங்கிக்குப் போனது. அவள் இரண்டு தடவை போய் அவகாசம் கேட்டாள். ஒரு தடவை கொடுத்தார்கள். இனி மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் ஏலம்தான். ஏலத்தில் போனால் கடன் கழியும், கையில் ஒன்றும் நிற்காது. நல்ல விலைக்குத் தானே விற்றால் மகளின் கடைசி வருஷப் படிப்புக்காவது மிஞ்சும்.

"இப்படி அழுது வடியற சுவரைக் காட்டினா அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாங்க" என்று புரோக்கர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதனால்தான் மேஸ்திரி வந்தார். பெரிய மீசை, சின்ன உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. பணம் வீடு விற்ற பிறகு போதும் என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள்.

அவர்தான் அந்த மணியைக் கழற்றும்போது சொன்னார். "பெல்லு கெட்டுப்போகலக்கா. கீழ சுவிட்சு ஆஃப்ல கிடந்துச்சு, அவ்வளவுதான். போட்டுப் பாத்தேன், ஜம்முனு அடிக்குது. வச்சுக்கறீங்களா?"

"வேண்டாம்."

"கட்டில் கிடந்த இடத்துல இருக்கற பொத்தானையும் எடுத்துடறேன். வயரை உருவணும்னா நடை முழுக்க உடைக்கணும், அது தனி வேலை. கரண்டு இல்லாத வயர்தானே, உள்ளயே கிடக்கட்டும். மேல பூசிட்டா ஆண்டவனுக்கே தெரியாது."

"பூசிடுங்க" என்றாள். கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டாள்.

மணி அடித்த மறுநாள் காலை மேஸ்திரி பின்னறையிலிருந்து கூப்பிட்டார். முதல் பூச்சு அடித்திருந்த சுவரில், கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில், ஒரு கைத்தடம். அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அதற்குக் கீழே, தரையை ஒட்டினாற்போல், மூன்றாவது.

"சுவர் காயறதுக்குள்ள கை வச்சுட்டீங்களே!"

"நான் இந்தப் பக்கமே வரல."

"அப்ப பூனை."

"பூனையா?"

"அஞ்சு விரல் இருக்கற பூனைய நானும் பாத்ததில்லதான்" என்று சிரித்துவிட்டு அவர் மேலே இன்னொரு பூச்சு அடித்தார்.

அன்று மத்தியானம் வீடு வாங்குகிற பெண் வந்தாள். அடக்கமான பெண், பேச்சில் ஒரு பதவிசு. பின்னறையில் வெகுநேரம் நின்றாள். "இது எங்க அம்மாவுக்குக்கா. அவங்களுக்கு ஒரு பக்கம் வராது, சக்கர நாற்காலிதான். இங்க ஒரு பெல் வச்சுட்டா ராத்திரி கூப்பிட வசதியா இருக்கும்" என்றாள். அப்புறம் தயங்கியபடி, "இந்த ரூம்ல யாராவது...?" என்று இழுத்தாள்.

"என் வீட்டுக்காரர். கஷ்டப்படல. தூக்கத்துலயே போயிட்டாரு."

சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவள் வாயில் வழுவழுப்பாகிவிட்டது. டாக்டரிடம் சொன்னாள், உறவுக்காரர்களிடம் சொன்னாள், மகளிடம் சொன்னாள். அன்று சாயந்திரம் போனில் மகளும் அதைத்தான் திருப்பிச் சொன்னாள். "வீடு போனா போகட்டும்மா. அப்பா வலியில்லாம தூக்கத்துல போனாரே, அதை நெனச்சுத்தான் நான் புத்தகத்தையே தொறக்கறேன்." அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். மகளுக்கு அது அப்பாவுக்கான அழுகை என்றுதான் தோன்றியிருக்கும்.

மறுநாள் தடங்கள் அறையை விட்டு வெளியே வந்திருந்தன. நடைச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. சில இடங்களில் விரல்கள் பதிந்திருந்தன, சில இடங்களில் கை வழுக்கிக் கீழே இழுபட்டிருந்தது. கடைசித் தடம் நடையின் பாதியில் நின்றது.

இந்தத் தடவை மேஸ்திரி சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் கையை மேலே வைக்காமல், காற்றில் வைத்து அளந்தார்.

"எல்லாமே இடது கைக்கா" என்றார்.

வலப்பக்கம் விழுந்த மனிதருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கைதான். அந்தக் கையின் கட்டைவிரலுக்கு எட்டும்படிதான் பொத்தானை வைத்தார்கள். பேச்சும் போய்விட்டதால் கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு முறை அடித்தால் புரட்டிப் படுக்க வை. இரண்டு முறை அடித்தால் தண்ணீர்.

மேஸ்திரி கடைசிப் பூச்சையும் அடித்து முடித்தார். வழக்கமாக வாசலில் நின்று பத்து நிமிஷம் கதை பேசுகிறவர், அன்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. "மெயினை ஆஃப் பண்ணிட்டேன். நாளைக்கு அந்தம்மா வந்து பாத்துட்டுப் போனப்புறம் போட்டுக்கலாம், ஈரத்துல எதையும் தொடாதீங்க" என்றார். பிறகு குரலை இறக்கி, "நீங்க ராத்திரி இங்க படுக்காதீங்கக்கா" என்றார்.

அவள் பக்கத்து வீட்டில் படுத்தாள். தூங்கவில்லை.

மறுநாள் சாயந்திரம் ஐந்து மணிக்கு வாங்குகிற பெண் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைசியாக ஒரு முறை பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் திங்கட்கிழமை பதிவு. நாலரை மணிக்கு அவள் வந்து வாசல் கதவைத் திறந்து வைத்தாள். நடையைப் பார்த்தாள். சுவர் பால் மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. உயிர் வந்தது. வருகிறவர்களுக்குத் தண்ணீராவது கொடுக்கலாம் என்று அடுக்களைக்குப் போனாள். பெயிண்ட் வாடை தலையைப் பிளந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அடுக்களையின் மூலைகளில் வெளிச்சம் முதலில் பழுப்பாகி, பிறகு சாம்பலாகி, பாத்திரங்களின் விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. ஈரப் பெயிண்ட் வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்ல மேலெழும்பியது. மருந்து எண்ணெய், துவைத்தும் போகாத படுக்கை விரிப்பு, முதுகுப் புண்ணுக்குப் போடும் பவுடர். இரண்டு வருஷம் அவள் புடவையில் ஊறிக் கிடந்த வாடை.

நடையில் ஏதோ உரசியது. துணி தரையில் இழுபடும் சத்தம். நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி இழுத்தது.

பிறகு கதவின் மறுபக்கம், கீழே, எதுவோ மெத்தென்று சாய்ந்தது.

மணி அடித்தது. இரண்டு முறை. மின்சாரம் இல்லாத வீட்டில், பூசி மூடிய சுவருக்குள்ளிருந்து.

அவள் கதவைத் தள்ளினாள். நான்கு விரல் அளவுக்குத் திறந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையிலும் இந்தக் கதவு இப்படித்தான் மறுத்தது. அதற்கு முந்தின மூன்று ராத்திரியும் அவள் கண்மூடவில்லை. தண்ணீர், புரட்டு, தண்ணீர், தண்ணீர். நான்காம் ராத்திரி, ஒரே ஒரு மணி நேரம் என்று நினைத்துத்தான் மணியின் சுவிட்சை அணைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு இதே தரையில் பாய் விரித்துப் படுத்தாள். கண் திறந்தபோது விடிந்திருந்தது. கதவைத் தள்ளினாள், நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியபோது அவரும் சேர்ந்து நகர்ந்தார். அந்த ஒற்றைக் கையால் நடை முழுவதும் சுவரைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்து, கதவுவரைக்கும் வந்திருந்தார். நாக்கு காய்ந்து கிடந்தது. அவள் அவரை இழுத்துப் போய்க் கட்டிலில் கிடத்தி, முகம் துடைத்து, போர்வை போர்த்தினாள். அதற்குப் பிறகுதான் அழுதுகொண்டு தெருவுக்கு ஓடினாள். தூக்கத்தில் போய்விட்டார் என்று சொன்னாள்.

மணி அடித்தது. இரண்டு முறை.

"இதோ... இதோ வந்துட்டேங்க."

குழாயைத் திறந்தாள். பாதி தண்ணீர் டம்ளருக்கு வெளியே போனது. குந்தி உட்கார்ந்து, டம்ளரைக் கதவிடுக்கு வழியாகத் தரையில் நகர்த்தினாள். பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

டம்ளர் அவள் விரலிலிருந்து விலகியது.

குடிக்கும் சத்தம். மெதுவாக. ஒரு பக்க வாயால். வலது ஓரத்தில் ஒழுகுமே, அதைத் துடைக்க வேண்டுமே என்று புடவைத் தலைப்பு அவள் கைக்குத் தானாக வந்தது. ஒழுகிய தண்ணீர் கதவுக்கடியில் வழிந்து அவள் பாதத்தை நனைத்தது. ஜில்லென்று இருந்தது.

"மன்னிச்சிடுங்க" என்றாள். "அசந்துட்டேங்க. ஒரு மணி நேரம்னுதான்... சத்தியமா ஒரு மணி நேரம்னுதான்."

காலி டம்ளர் தரையில் உரசிக்கொண்டு திரும்பி வந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளைப் பெயிண்ட். நான்கு விரல், ஒரு கட்டைவிரல்.

மணி. இரண்டு முறை.

"அக்கா!" வாசலிலிருந்து அந்தப் பெண்ணின் குரல். "கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வரோம்."

வராதீங்க என்று கத்த நினைத்தாள். அதற்குள் செருப்புச் சத்தம். அதன் பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தம். கூடத்தில் உருண்டது. நடைக்குள் திரும்பியது. சுவர் எவ்வளவு வெள்ளையாயிருக்கு பாரும்மா என்று சொல்லத் தொடங்கிய குரல் பாதியில் நின்றது. செருப்புச் சத்தமும் நின்றது.

சக்கரம் மட்டும் தனியாக இன்னும் கொஞ்சம் உருண்டு, கதவுக்கு அருகில் வந்து ஓய்ந்தது.

பிறகு அந்த அம்மாவின் குரல், ஒரு பக்கம் கோணிய வாயிலிருந்து, குழறலாக, மிகுந்த இரக்கத்தோடு வந்தது.

"ஐயோ பாவம்... எவ்வளவு நேரமா இவரு இப்படிக் கீழ கிடக்காரு?"

மணி இரண்டு முறை அடித்தது. கதவிடுக்கில் நான்கு வெள்ளை விரல்கள் டம்ளருக்காகக் காத்திருந்தன.