வலது இறக்கை

காபி டம்ளரைத் தூக்கியபோது தானியேலின் வலது கைக்குள் மரம் முனகியது.

எலும்பு சொடுக்கும் சத்தம் அவனுக்குத் தெரியும். இது அதில்லை, பழைய அலமாரிக் கதவைத் திறப்பது போன்ற காய்ந்த, மெல்லிய கிறீச். முழங்கைக்கு மேலே மயிரிழையாக ஒரு சிவப்புக் கோடு கையைச் சுற்றி ஓடியது. ரத்தமில்லை, வலியுமில்லை.

"மூட்டு தேய்ஞ்சிருக்கும். தைலம் தடவிக்கினு சர்ச்சுக்குக் கெளம்பு" என்றாள் மனைவி லில்லி.

அந்த இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் அங்கேதான் அறுத்திருந்தான். கையில் அல்ல, இறக்கையில்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தானியேல் தோல் வெட்டுபவன். முக்தார் அகமது தைப்பவன். தொண்ணூற்றெட்டில் ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர் ஒரு சாம்பிள் ஷூவைப் பார்த்து மயங்கி, செய்தது யார் என்று கேட்டார். மேனேஜர் முக்தாரைக் காட்டினார். அடுத்த மாதம் ஜெர்மனியிலிருந்து முக்தார் பெயருக்குப் பரிசாக ஒரு பெட்டி வந்தது: மரத்துண்டுகளை ஒட்டிச் செய்யும் ரிமோட் விமானம், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்கு இறக்கை. வெட்டு சரியில்லாமல் தையல் எங்கிருந்து வரும்? யாரும் கேட்கவில்லை. தானியேலுக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே எட்டு மாதம், லீவு நாளெல்லாம் போய் முக்தாருக்கு ஒத்தாசை செய்தான். நேற்று முக்தார் தொழுகைக்குப் போன நேரத்தில், மேல் இறக்கையின் வலது பக்கத்தைத் தாங்கும் நீளக் குச்சியைத் தோல் சீவும் கத்தியால் முக்கால்வாசி அறுத்து, மேலே பட்டுத்துணியை இழுத்து ஒட்டினான். ஒரு சுருக்கம் இல்லை. அவன் வேலை அப்படி.

சர்ச்சுக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் வறண்ட பாலாற்று மணலில் கம்பெனி ஆட்கள் முப்பது பேர் கூடியிருந்தார்கள். தோல் பதனிடும் டேனரி வாடையோடு இன்ஜின் எண்ணெய் வாடையும் கலந்து வந்தது. முக்தார் விமானத்தைத் திருப்பிக் காட்டினான். வலது இறக்கைக்கு அடியில் சிவப்புப் பெயிண்டில் 'தானியேல்' என்று எழுதியிருந்தது.

"ஒன் கையி இல்லாம இது ஏது தோஸ்த்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குள் எல்லோரும் முக்தாருக்குக் கைதட்டினார்கள்.

விமானம் மணலில் ஓடி எழும்பியது. தானியேலின் வலது கையும் எழும்பியது. அவன் தூக்கவில்லை.

முக்தார் ரிமோட்டை அசைத்தான். விமானம் சாய்ந்தது. கையும் சாய்ந்தது.

கிறீச்.

"ஒரு குட்டிக்கரணம் அடிக்கட்டா?" முக்தார் கத்தினான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். சோறு போடுகிற கை. ஆனால் ஏன் என்று முக்தார் கேட்பான். அதோடு, இவன் ஒரே ஒரு தடவை, எல்லோர் முன்னாலும் அசிங்கப்பட வேண்டும்.

"அடி" என்றான் தானியேல்.

மேலே போனது. இன்னும் மேலே. கவிழ்ந்தது.

படக்.

இறக்கை மட்டும் தனியாகச் சுழன்று மணலில் விழுந்தது.

தானியேலின் கை தொங்கியது. சட்டைக்குள்ளிருந்து வெள்ளையாக மரத்தூள். கொட்டியது. நிற்காமல் கொட்டியது.

தூரத்தில் முக்தார் இறக்கையை எடுத்தான். பட்டுத்துணி சிவப்பாக ஒழுகியது. அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"தானி... இது என் கையப் புடிச்சிக்கினு வுட மாட்டேங்குது."