நான்காம் தொட்டிக்குக் கொடுத்த சான்று

வந்த பெண்மணி நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றபடியே பேசினார்.

"என் வீட்டுக்காரர் செத்து இருபது நாள் ஆகுது சார். மூணு சாவுக்கும் அவர்தான் காரணம்னு நாளைக்கு விசாரணைக் கமிஷன்ல எழுதப் போறாங்க. அவர் பேரை நீங்கதான் காப்பாத்தணும்."

துப்பறிவாளருக்கு 'நிதானம்' என்றே பெயராகிவிட்டது. வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். அவருக்கு உதவியாள் அவருடைய மைத்துனன். அவனோ காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு திரிகிற ரகம்.

விஷயம் ஊரறிந்ததுதான். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை அமிலத் தொட்டிகளில் கரைத்து மறுபடி பயன்படுத்த ஓர் ஆலை. பழுதுக்காக நிறுத்தி வைத்திருந்த அதை மறுபடி திறந்தே தீருவோம் என்று ஆளும் கட்சியும், ஒரேயடியாக மூடியே தீருவோம் என்று எதிர்க்கட்சியும் ஆறு மாதம் தொண்டை கிழியக் கத்தின. கத்தியவர்களில் ஒருவராவது அதற்குள் கால் வைத்ததுண்டா? கிடையாது. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர், இந்தப் பெண்மணியின் கணவர், ஒரு திங்கட்கிழமை 'நான்காம் தொட்டி நன்றாக இருக்கிறது' என்று சான்று எழுதினார். மறுநாள் ஆலையைத் திறப்பது பற்றிச் சபையில் நடந்த ஓட்டெடுப்பில் ஆளும் கட்சி ஜெயித்தது. வியாழக்கிழமை தொட்டி கசிந்தது. அமிலப் புகையில் இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களை இழுத்து வர ஓடிய ஆய்வாளரும் பிழைக்கவில்லை.

"சான்றுல இருக்கிறது அவர் எழுத்துதானாம்மா?"

"அவர் எழுத்து மாதிரியேதான் இருக்கு. ஆனா பார்க்காம ஒரு வரி எழுத மாட்டார். மாசம் ஒரு டஜன் பேனா வாங்கித் தருவேன். அத்தனையும் ஆலைல தொலைச்சுட்டு வருவார். கேட்டா சிரிப்பார்."

"அத்தான், போலிக் கையெழுத்து!" என்று மைத்துனன் துள்ளினான்.

"முதல்ல சட்டைப் பொத்தானைச் சரியாப் போடு" என்றார் நிதானம்.

அன்று பிற்பகலே மூவரும் ஆலைக்குப் போனார்கள். உடை மாற்றும் அறையின் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்புப் பலகை. பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே வெள்ளை அங்கி போட்ட ஒருவர் ஒரு தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்க, வெளியே ஒரு பெண் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நிதானம் அங்கேயே பத்து நிமிடம் நின்றார். மைத்துனனுக்குப் பொறுமை போய்விட்டது.

விருந்தினர் அறையில் ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் சான்றை நீட்டினார்.

"நானே சாட்சி. அன்னைக்கு அவர்கூட உள்ளே போனேன். தொட்டிக்குப் பக்கத்துல நின்னு எழுதி என் கையில கொடுத்தார்."

"இதே தாளையா?"

"இதே தாளைத்தான்."

"அப்ப இது எப்படிங்க வெளியே வந்துச்சு?"

தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளே போன தாளும் பேனாவும் திரும்பி வராது. கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருக்கும்னு அங்கேயே போட்டுடுவாங்க. இந்தம்மா வாங்கின பேனாவெல்லாம் அங்கேதான் போச்சு. எழுதினதைக் கண்ணாடில காட்டினா, இந்தப் பக்கம் ஒருத்தர் பார்த்து எழுதிக்குவார். அதனால வெளியே வர்றது எப்பவும் வேற ஒருத்தர் எழுத்து. இங்கே கூட்டிப் பெருக்குறவங்களுக்குக்கூட இது தெரியும். உங்களுக்குத் தெரியலைன்னா, நீங்க உள்ளே போனதே இல்லை."

"அப்ப போலிதானே சார்!" பெண்மணியின் முகத்தில் இருபது நாளில் முதன்முறையாக உயிர் வந்தது.

நிதானத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இல்லம்மா. எழுதினது அவர்தான். ஆனா இங்கே உட்கார்ந்து, தொட்டியைப் பார்க்காம. மீட்புக்குன்னு தனியா ஆளுங்க இருக்காங்க. ஆய்வாளர் ஓட வேண்டிய அவசியமே இல்லை. முகமூடிகூட மாட்டாம ஓடியிருக்கார். தொட்டியைத் தான் பார்க்கவே இல்லைன்னு அவருக்குத் தெரியும். அந்தக் குத்தம்தான் அவரை ஓட வச்சிருக்கும்மா."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். "மறுநாள் ஓட்டெடுப்பு. மேலேயிருந்து கழுத்தை நெரிச்சாங்க. அவர் மாட்டேன்னுதான் சொன்னார். அடுத்த வாரம் பார்த்துக்கலாம், இப்ப எழுதுங்கன்னு நான்தான் வற்புறுத்தினேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, போலின்னே இருக்கட்டுமே. யாராவது ஒரு கிளார்க் தலையில போட்டுடலாம். அவர் பேரும் கெடாது."

"சரின்னு சொல்லிடுங்கம்மா" என்று மைத்துனன் முணுமுணுத்தான். நிதானம் அவனை முறைத்தார்.

பெண்மணி அப்போதுதான் உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில அந்த ரெண்டு பேரோட சம்சாரங்களும் என்கூடத்தான் இருந்தாங்க. 'உங்க வீட்டுக்காரர் பார்த்துச் சொன்னார்னுதான் இவர் தைரியமா உள்ளே போனார்'னு ஒருத்தி சொன்னா. திட்டல சார். என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் சொன்னா."

அவர் தலைவரைக் கை காட்டினார்.

"முழுசாச் சொல்லிடுங்க சார். இவர் எழுத வச்சார்னு சொல்லுங்க. என் வீட்டுக்காரர் பார்க்காம எழுதினார்னும் சொல்லுங்க. நாளைக்குக் கமிஷனுக்கு நானும் வருவேன். அந்த ரெண்டு பெண்களும் அவங்க பக்கத்துல உட்கார இனிமே என்னை விடுவாங்களான்னுதான் தெரியல."