லெட்டியின் முகம்

மாலை மணி நாலு இருபது. படத்தைப் பெட்டியில் அடைக்கக் கூடத்துக்கு வந்த ஓவியர் ஐசக் தோர்ன், அதன் முன்னால் தொங்கிய துணியை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டார்.

படத்தில் ஃபென்விக் துரை இருந்தார். துரைசானி ஹென்ரியட்டா இருந்தாள். பின்னால் நிழலில் ஆயா ஹலீமா இருந்தாள். நடுவில் இடுப்பில் நீலப் பட்டை கட்டி நின்ற ஆறு வயது லெட்டிக்கு மட்டும் முகம் இல்லை. அந்த இடத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே சுவர் தெரிந்தது. குழந்தையின் தோளில் படிந்திருந்த ஆயாவின் நான்கு விரல்கள் சிறு கீறலும் படாமல் அப்படியே இருந்தன.

ஐந்து வாரம் வரைந்த குடும்பப் படம். கல்கத்தாவிலிருந்து கப்பலேறிச் சீமையில் துரையின் தாய் வீட்டுக்குப் போக வேண்டியது. லெட்டியும் அதே கப்பலில். ஆறு வயதுக்கு மேல் பிள்ளைகளை வெள்ளைக்காரர் யாரும் இங்கே வைத்துக்கொள்வதில்லை; படிக்கச் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். போனால் திரும்பி வரப் பன்னிரண்டு வருஷம். கப்பலுக்குப் போகும் படகு ஐந்து மணிக்கு, ஆற்றில் நீர் வடியும்போது கிளம்பும்.

"ஆயா வேலைதான்," என்றார் பின்னாலேயே வந்து பார்த்த ஃபென்விக். "வெட்டுறதுன்னா என் மூக்கை வெட்டியிருக்கலாம். உருளைக்கிழங்கு மாதிரி வரைஞ்சு வெச்சிருக்கீங்க. மதியம் சாப்பிட்டுட்டு வீடே தூங்குச்சு. முழிச்சிருந்தது அவ ஒருத்திதான்."

"அவளும்தானே லெட்டியோட போறா? பிள்ளையே கூட இருக்கும்போது படம் எதுக்கு?"

"பிள்ளையைச் சீமையில விட்டுட்டு அடுத்த கப்பல்ல திரும்பணுமே! வெறுங்கையோட வர மனசு வரலை. இனி அவ போகப் போறதில்லை. கேப்டன் சம்சாரம் பிள்ளையை ஏற்கெனவே படகுத்துறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, அவங்களே பார்த்துக்குவாங்க."

அந்த விரல்கள் தோளில் இல்லாவிட்டால் லெட்டி ஒரு நிமிஷம்கூட அசையாமல் நிற்கமாட்டாள். அது தோர்னுக்குத் தெரியும். ஆறு மாதக் கடலில் அவள் என்ன ஆவாள்?

"யார் வேலைன்னு பார்க்க அஞ்சு மணி வரைக்கும் நேரம் கொடுங்க." என்றார் தோர்ன். " அந்தத் துண்டையாவது சீக்கிரம் தேடணும். பல் விழுந்துடுச்சேன்னு மூணு நாள் முன்னாலதான் அந்த வாயையும் கன்னத்தையும் திருத்தினேன். இன்னும் காயலை. எதுவும் மேல படாத மாதிரிதான் பெட்டியே செஞ்சேன்."

மணி நாலரை. ஆயாவின் பெட்டியைத் தரையில் கவிழ்த்துத் தேடியிருந்தார்கள்; துண்டு கிடைக்கவில்லை. கலைந்த துணிகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"மதியம் எல்லாரும் தூங்கினப்ப எங்க இருந்தே?" என்று கேட்டார் தோர்ன்.

"பாப்பா கவுனை மடிச்சுக்கிட்டு இருந்தேன், ஐயா."

"கூடத்துல யாரையாவது பார்த்தியா?"

கலைந்த துணி ஒன்றை எடுத்து மடித்தாள். "பார்த்தேன்னு சொன்னா நம்புவீங்களா?"

"சொல்லிப் பாரு."

"வேணாம் ஐயா. பாப்பா போற நேரம். வீட்டுல சண்டை வேணாம்."

மணி நாலே முக்கால். துரைசானி தன் அறையில் சாய்ந்திருந்தாள். மடியில் ஜெபப் புத்தகம். அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அறையில் லேசாக, சாயம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசம். தன் கோட்டிலிருந்துதான் வருகிறது என்று தோர்ன் நினைத்துக்கொண்டார்.

"எதாவது சத்தம் கேட்டுச்சா, அம்மா?"

"மூணு பிள்ளைங்களை இந்த ஊர் மண்ணுல புதைச்சவ நான். தூங்கினா எழுந்திருக்கவே பிடிக்கிறதில்லை. எனக்கென்ன கேட்கும்?"

"படம் இப்படி ஆயிடுச்சேன்னு வருத்தமா இருக்கு."

"எனக்கெதுக்கு வருத்தம்? பிள்ளையும் மாமியாருக்கு, படமும் மாமியாருக்கு." கசப்பாகச் சிரித்தாள். "அதுவுமில்லாம, அந்தப் படத்துல உருப்படியா நீங்க வரைஞ்சது ஆயாவோட கை மட்டும்தான்."

மணி நாலு ஐம்பத்தைந்து. தோர்ன் ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். மேலே வெட்டு நேராகத்தான் இருந்தது. கீழே, விரல்களை ஒட்டித்தான், வளைவு வளைவாக இருந்தது. ஒரு கணம் யோசித்தார். கோட்டை மூக்கருகே கொண்டுபோனார். இன்று காலைதான் சலவையிலிருந்து வந்தது. சோப்பு வாசம் மட்டுமே.

ஃபென்விக்கை இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு துரைசானியின் அறைக்கு ஓடினார். பின்னால் வந்த ஆயா வாசலோடு நின்றுகொண்டாள்.

"துரை, இந்த விரல் நாலும் லெட்டி கன்னத்தை ஒட்டி இருந்துச்சு. நேரா வெட்டியிருந்தா முகத்தோட சேர்ந்து வந்திருக்கும். வெட்டினவங்க ஒவ்வொரு விரலையும் சுத்தி வளைச்சு வெட்டியிருக்காங்க. பிள்ளை ஞாபகமா எடுத்துக்கிற ஆயா, பிள்ளையைத் தொட்ட தன் கையை ஏன் விட்டுட்டுப் போறா? அந்தக் கை வேணாம்னு நினைச்சவங்கதான் எடுத்தாங்க. அம்மா, புத்தகத்தைத் திறங்க. அதுக்குள்ள ஈரச் சாயம் மணக்குது."

ஹென்ரியட்டா மறுக்கவில்லை. "ஒரு முகம். எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு நினைச்சேன்," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.

பக்கம் ஒட்டியிருந்தது. தோர்ன் "இழுக்காதீங்க!" என்று கத்துவதற்குள் இழுத்துவிட்டாள். வாயும் கன்னமும் ஜெப வரிகளின் மேல் ஒரு சிவப்புத் தீற்றலாகப் போய்விட்டன. வெட்டிய துண்டில் மிஞ்சியது நெற்றியும் ஒரு கண்ணும்.

ஆற்றுப் பக்கம் படகோட்டிகளின் கூச்சல் கேட்டது. மணி ஐந்து.

"ஆயாவை அனுப்புங்க துரை! ஓடினா பிடிச்சிடலாம்!"

ஃபென்விக் அசையவில்லை. "அனுப்பினா, ஏன் முதல்ல நிறுத்தினேன்னு ஊர் கேட்கும். என் பெண்டாட்டி பேர் வெளியில போகக்கூடாது. ஆயாதான் வெட்டினான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படியே இருக்கட்டும்."

"ஆயா! ஆயா!" என்று தண்ணீர் மேல் ஒரு சின்னக் குரல் வந்தது. பிறகு துடுப்புச் சத்தம் மட்டும்.

ஹென்ரியட்டா தோர்னின் கையைப் பிடித்தாள். "மறுபடி வரைஞ்சு கொடுங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்குமே?"

தோர்ன் கண்ணை மூடிப் பார்த்தார். நீலப் பட்டை வந்தது. கன்னத்துக்கு எந்தச் சிவப்பை எவ்வளவு குழைத்தார் என்பதும் வந்தது. முகம் வரவில்லை.

"இல்லை, அம்மா."

"பன்னிரண்டு வருஷம் கழிச்சு அவ இந்தப் படியேறி வந்தா, இவதான் என் பொண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் துரைசானி," என்றாள் ஹலீமா, வாசலிலிருந்து. "கூட்டத்துல நின்னாலும் நான் காட்டிக் கொடுத்துடுவேன்."

"நீ எங்க இங்க இருக்கப் போறே?" என்றார் ஃபென்விக். "உன் துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."