வெறுங்காது

நீச்சல் குளத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு தட்டை நீட்டுவாள். வருகிறவர்கள் காதிலிருந்து செவித்துணையைக் கழற்றி அதில் வைத்துவிட்டு உள்ளே போவார்கள். வெந்நீர் ஆவி பட்டால் கருவி கெட்டுப்போகும். நான் மட்டும் தலையை ஆட்டிவிட்டு நடப்பேன். என்னுடையதை மொழிப்பள்ளியில் சேர்ந்த அன்றைக்கே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். படிப்பு முடிகிறவரை வெறுங்காதுதான். ஐஸ்லாந்தின் இந்தச் சின்ன ஊரில் மற்றவர்களும் வெறுங்காதோடு பேசிக்கொள்ளும் ஒரே இடம் இந்த வெந்நீர்த் தொட்டி.

தொட்டியில் இறங்கும் முன் பெண்கள் குளியலறையில் பிறந்த மேனியாக நின்று சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அது இங்கே கட்டாயம். முதல் நாள் நான் நம்மூர் வழக்கப்படி நைட்டியோடு குளித்துவிட்டு, அதே நைட்டியோடு தொட்டிப் பக்கம் போனேன். வாசல்காரி ஓடிவந்து மறித்தாள். மதுரை அங்கயற்கண்ணிக்கு நாற்பத்தாறு வயதில் இந்த மானக்கேடு தேவையா என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் போய் அவிழ்த்தேன். வேறு எங்கே போய் மனிதக் குரல் கேட்பது?

அங்கேதான் ஸ்டெய்னுன்னைப் பார்த்தேன். பேருந்து ஓட்டுகிறவள், என் வயதுக்காரி. மனப்பாடம் பண்ணி வைத்திருந்த முதல் ஐஸ்லாந்து மொழி வாக்கியத்தை அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்து, "நீ பேசுவது காதில் குத்துகிறது" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். யாராவது என்னை மூஞ்சிக்கு நேராகக் குறை சொல்லி, அது அப்படியே என் காதில் விழுந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

செவித்துணை முதலில் மொழிபெயர்க்கத்தான் வந்தது. யார் எந்த மொழியில் பேசினாலும் நமக்குத் தமிழில் கேட்கும். அப்புறம் அதில் 'இதமாக்கி' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கத்தினால் மெதுவாகக் கேட்கும். வசவு வேண்டுகோளாக மாறிக் கேட்கும். தமிழில் பேசிக்கொள்ளும் நமக்குள்ளேயும் அதே கதைதான். வீட்டுச் சண்டைகள் குறைந்தன. அடடா, எவ்வளவு நிம்மதி என்று எல்லோரும் மெச்சினோம். தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. அதற்குப் பிறகு வேறு மொழி படிக்கிறவர்களைப் பைத்தியம் என்றுதான் சொன்னார்கள். இந்தப் பள்ளியில் என் வகுப்பில் நான் ஒருத்திதான் மாணவி.

அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் என் வயது ஓடிவிட்டது. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா போனபின் அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. எங்காவது தூரமாகப் போய், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் மனசு மாறும் என்று கிளம்பினேன். ஒரே ஆறுதல், அம்மா வலியில்லாமல் போனாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து எங்களிடம், "நல்லாருக்கேன். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க" என்று சொன்னாள். அக்காவும் நானும் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினோம். விடிவதற்குள் போய்விட்டாள்.

வந்த ஒரு மாதத்திலேயே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். ரசம் வைத்தால் ஒருத்திக்கு மட்டும் வைக்கத் தெரியவில்லை, மிஞ்சியதைப் பார்த்து அழுகை வரும். அக்கா தமயந்தி ஒரு தடவை 'வந்துருடி' என்று சொன்னால் போதும், அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன். அடம் பிடித்து வந்தவள் நானாகத் திரும்பிப் போக ரோஷம் விடவில்லை.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம். படம் கிடையாது, குரல் மட்டும்தான். ஒரு ஞாயிறு உடைந்துவிட்டேன்.

"முடியலக்கா. பேச ஆளில்ல. சோறு எறங்கல. செவுத்துக்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்" என்று ஓவென்று அழுதேன்.

"சரிடி. கொஞ்சம் ரெஸ்ட் எடு. நல்லா ஊரச் சுத்திப் பாரு" என்றாள் அக்கா.

இவள் மனுஷியா, கல்லா? அடுத்த இரண்டு ஞாயிறும் நான் அழைப்பை எடுக்கவில்லை.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கிறது?" என்று தொட்டியில் ஸ்டெய்னுன் கேட்டாள். எனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கினேன். "நான் அழுகிறேன். அக்கா ஊர் சுற்று என்கிறாள்."

ஸ்டெய்னுன் தன் வெறுங்காதைத் தொட்டுக் காட்டினாள். "உன் அக்கா காதில் என்ன இருக்கிறது?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வசவைத்தான் இதமாக்கி மாற்றும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அழுகையையும் மாற்றும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலையைக்கூடத் துவட்டாமல் அறைக்கு ஓடினேன்.

"காதுல இருக்கறதக் கழட்டுக்கா" என்றேன், அக்கா போனை எடுத்ததும்.

"எதுக்குடி? கழட்டுனா தெருச் சத்தம் பூரா மண்டைக்குள்ள வந்து எறங்கும்."

"எனக்காகக் கழட்டுக்கா."

ஏதோ மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. "ம், சொல்லு" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது.

"ஏய்! என்னடி இது? யாரும் எதும் பண்ணிட்டாங்களா?"

"இல்லக்கா. அன்னிக்கும் இப்படித்தான் அழுதேன்."

"கொஞ்சம் அசதியா இருக்குன்னுதானடி சொன்ன? அப்படித்தான் எனக்குக் கேட்டுச்சு!" அவள் குரல் உயர்ந்தது. "ஏன்டி கழுத, யாருமில்லாத ஊர்ல கெடந்து சாகணும்னு தலையெழுத்தா? படிச்சது போதும். வந்துருடி."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். "வர்றேன்க்கா" என்றேன்.

அக்கா பக்கம் ஏதோ ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஏன்டி" என்றாள், மிக மெல்ல. "ஆஸ்பத்திரில அன்னிக்கு நம்ம ரெண்டு பேரு காதுலயும் இது இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுக்கா."

"அம்மா நல்லாருக்கேன்னுதானடி சொன்னா?"

ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவோ ஆசைப்பட்டேன். இப்போது எங்கள் இருவர் காதிலும் எதுவும் இல்லை. என் குரலில் இருப்பது அவளுக்கு அப்படியே கேட்டுவிடும்.

"தெரியலக்கா" என்றேன்.

பதினைந்து வருடத்துக்கு அப்புறம் அக்கா அழுகிற சத்தத்தைக் கேட்டேன்.